ராகிக் களியும் ஒரு ஜப்பான் சாரும்!

ஓசூர்க்காரங்களுக்கு ஜப்பான் மொழி தெரியும். சிரிக்காதீங்க, நிஜம்தான்!

காலையில் ஆறு மணி ஷிஃப்ட்டுக்காக பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எந்த ஐ.டி.ஐ. அண்ணனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. 'செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே' என்று அஞ்சு 'எஸ்'ஸையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். வேண்டாததைக் கழி, வேண்டியதை ஒழுங்கா அடுக்கு, சுத்தம் பண்ணு, அதையே முறையாக்கு, கடைசி வரைக்கும் விடாதே... இதுதான் அந்த அஞ்சு. கொசுறாக 'கைசன்', 'போகா யோகே' என்று ரெண்டு வார்த்தை சேர்த்துக் கொடுப்பார்.

எல்லாம் ஃபேக்டரி புண்ணியம்! 1970-களில் இங்கே சிப்காட் வந்தது. 80-களில் டி.வி.எஸ்.ஸும் சுஸுகியும் கைகோத்து பைக் செய்தார்கள். 2001-ல் இரண்டு கம்பெனியும் பிரிந்தன. அதற்கு அடுத்த வருஷமே, 2002-ல், டி.வி.எஸ். மோட்டார் 'டெமிங்' விருதை வாங்கியது. டெமிங் என்பவர் அமெரிக்கர். அவர் பேரில் 1951-லிருந்து விருது கொடுப்பது ஜப்பான். வாங்கியது நம்ம ஊர் கம்பெனி. கெத்துதானே?

ஆனால், 'ஜப்பான்காரங்க வீட்டுல என்ன சாப்பிடுவாங்க?' என்று கேட்டால் அந்த அண்ணனும் முழிப்பார், நானும் முழிப்பேன். அதை நான் தெரிஞ்சுக்கிட்ட இடம்தான் வேடிக்கை. டோக்கியோ இல்லை, கியோட்டோ இல்லை. ஓசூர் - ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிற சானமாவு!

'இருக்கு சார்!'

எங்க காலேஜுக்கு ஒரு ஜப்பான் இன்ஜினீயர் சிறப்புப் பேச்சுக்கு வந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை. பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே அவர் வெறும் 'சான்'. ஜப்பானில் பேருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்ப்பார்களே, நம்ம 'சார்' மாதிரி, அந்த சான்.

பேச்சு முழுக்க 'கெம்பா' பற்றித்தான். வேலை நடக்கிற நிஜமான இடம் என்று அர்த்தம். "ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து எந்தப் பிரச்னையையும் தீர்க்க முடியாது. கெம்பாவுக்குப் போங்க. கண்ணால பாருங்க. அங்கே வேலை செய்யறவர்கிட்ட கேளுங்க. அப்புறம் யோசிங்க" என்றார்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். ஆறு மாசம் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போன திமிர்! "ஓசூர் பிடிச்சிருக்கா?" என்று அரைகுறை ஜப்பானில் கேட்டுவிட்டேன். மனுஷன் சிரித்தார். "எட்டு மாசமாச்சு. அபார்ட்மென்ட், ஃபேக்டரி, அபார்ட்மென்ட். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு. ஓசூரை நான் இன்னும் பார்க்கலை" என்றார். அப்புறம், "எங்க கியோட்டோவுல கையில் கொடியோட ஒரு கைடு வருவார். பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு நடந்தே ஊரைக் காட்டுவார். கோயில், பழைய தெரு, சாப்பாடு எல்லாம் அரை நாள்ல. உங்க ஊர்ல அப்படி இருக்கா?"

"இருக்கு சார்!" என்றேன்.

பக்கத்தில் இருந்த என் நண்பன் தொடையில் கிள்ளினான். "எங்க மச்சி இருக்கு?"

"இனிமே இருக்கும் மச்சி. உங்க தாத்தா சானமாவுலதானே இருக்காரு?"

கொடி, குடை, மூணு மொழி

டிசம்பர் மாச ஞாயிறு, காலை எட்டு மணி. ஒரு குடை நுனியில் மஞ்சள் கர்ச்சீப்பைக் கட்டிக் கொடி தயார் பண்ணிக்கொண்டு போனேன். நாலு பக்கத்துக்குக் குறிப்பு வேறு!

முதல் நிறுத்தம் தொரப்பள்ளி. 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். 'இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல்... 1954-ல் பாரத ரத்னா...' என்று மனப்பாடம் செய்ததை எல்லாம் கொட்டினேன். சான் மரியாதையாகத் தலையாட்டினார். அவ்வளவுதான். கடைசியில், "எண்பது வயசுக்கு மேல, 1962-ல், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கன்னு சொல்ல அமெரிக்காவுக்கே போய், அதிபர் கென்னடியை நேரில் பார்த்தவர்" என்றேன். சான் சட்டென்று நின்றார். வீட்டைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து ஒரு வணக்கம். நிமிர கொஞ்ச நேரம் ஆனது. ஹிரோஷிமா நடந்த நாட்டுக்காரர். நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து சானமாவு. போகிற வழியில் ஊர்ப் பேரை வைத்து ஒரு ஜோக். ஜப்பானில் மரியாதைக்கும் 'சான்', மலைக்கும் 'சான்'. ஃபுஜி சான் என்றால் ஃபுஜி மலை. கன்னடத்தில் 'மாவு' என்றால் மாமரம். "அப்ப உங்க ஊர் பேரு, மாமர மலை!" என்று சான் கைதட்டினார். "தமிழ்ல மாவுன்னா ராகி மாவு சார். களி ரெடியா இருக்கும் வாங்க" என்றான் நண்பன். நிஜப் பெயர்க்காரணம் எதுவோ, மூணு மொழிக்கும் பொருந்துகிற பேர்!

இந்தப் பக்கம் எல்லாமே அப்படித்தான். 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம் இது. கொஞ்ச தூரத்தில் கர்நாடகம். நண்பன் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தமிழ். தாத்தா தெலுங்கு கலந்த தமிழில் பேச, நண்பன் அதை முழுத் தமிழாக்க, நான் இங்கிலீஷும் ஜப்பானும் கலந்து சானுக்குச் சொல்ல... ஒரு வாக்கியம் போய்ச் சேர்வதற்குள் டீ ஆறிவிடும்!

கைடு மாறியாச்சு

காட்டோரமாக ரெண்டு ஏக்கர் நிலம். தாத்தா தலையில் துண்டோடு வரப்பில் நின்றிருந்தார். என் கொடியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது இன்னா கண்ணு, மீட்டிங்கா? மடிச்சு வை."

அந்த நிமிஷத்தோடு என் கைடு வேலை காலி. அதற்கப்புறம் அவர்தான் கைடு.

முதலிலேயே சட்டம் போட்டார். "காட்டுக்குள்ள போக மாட்டோம். அது காப்புக்காடு. வரப்பு மேலதான் நடக்கணும். சத்தம் போடக் கூடாது. செல்லுல பாட்டு கூடாது. வெயில் ஏறி இறங்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்."

காரணம், ராகி முற்றுகிற பருவம் இது. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடியும்போது யானைக் கூட்டங்கள் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக சானமாவு வரை வரும். ராத்திரி வயல், பகலில் காடு. பேரண்டப்பள்ளி பக்கம் ஆறு வழி நெடுஞ்சாலையையே தாண்டும். வனத்துறைக்காரர்கள் வண்டிகளை ரெண்டு பக்கமும் நிறுத்தி வைத்துக் கடக்க விடுவார்கள். கூட்டம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது என்று முந்தின நாள் உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எங்களை வரவே சொன்னார் தாத்தா.

"யானை இந்த வழியாதான் வந்துச்சா தாத்தா?" என்று கேட்டேன். உதட்டில் விரல் வைத்தார்.

"பேரு சொல்லாத. பெரியவருன்னு சொல்லு. பேரு சொன்னா கூப்பிட்ட மாதிரி."

இதை நான் சானுக்குச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. அவர் சொந்த ஊர் வடக்கு ஜப்பானில் அகிதா. அங்கே மலையில் கரடி வேட்டையாடும் 'மதாகி' என்கிற பரம்பரை வேட்டைக்காரர்கள் உண்டு. அவர்கள் மலைக்குள் கால் வைத்ததும் ஊர் வார்த்தைகளைப் பேச மாட்டார்களாம். மலைக்கென்று தனி வார்த்தைகள். கீழே இறங்கினால்தான் மறுபடி வீட்டு பாஷை. "என் தாத்தாவும் இதேதான் சொல்வார்" என்றார் சான். தாத்தாவிடம் அதை மொழிபெயர்த்தோம். அவர் ஆச்சரியமே படவில்லை. "காட்டு ஓரத்துல இருக்கறவனுக்கு இது தெரியாம இருக்குமா?" என்று மேலே நடந்தார்.

வரப்பு ஓரத்தில் காய்ந்த லத்தி. அதிலிருந்து பச்சையாக ராகிப் பயிர் முளைத்திருந்தது! சான் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "தின்னதுல கொஞ்சம் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருக்கார்" என்றார் தாத்தா. கொஞ்சம் தள்ளி ஈர மண்ணில் ஒரு காலடி. தாத்தா அடுத்த பாடம் எடுத்தார். முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து, அதை ரெண்டால் பெருக்கினால் பெரியவரின் தோள் உயரம்!

இன்ஜினீயரிங் பசங்க சும்மா இருப்போமா? நண்பன் செல்போன் சார்ஜர் வயரை எடுத்துத் தடத்தைச் சுற்றி வைத்தான். நான் ஸ்கேல் வைத்து வயரை அளந்தேன். சான் நோட்டில் எழுதிக்கொண்டார். 1.3 மீட்டர். ரெண்டால் பெருக்கினால் 2.6 மீட்டர். சான் தன் தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பார்த்தார். அதற்கும் மேலே! அதுவரை ஜாலியாக நடந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் வயிற்றில் கொஞ்சம் புளி கரைந்தது.

வயலைப் பார்த்தோம். வெறும் ராகி மட்டும் இல்லை. சில வரிசைக்கு ஒரு வரிசை அவரை, ஓரத்தில் கடுகு, வரப்பை ஒட்டி ஆமணக்கு. இதற்கு இங்கே 'அக்கடி' என்று பேர். ராகி பொய்த்தால் அவரை, அவரை பொய்த்தால் ஆமணக்கு. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிற்கும். வயலைச் சுற்றிக் கம்பியில் காலி பாட்டில்களும் தகர டப்பாக்களும் தொங்கின. இழுபட்டால் கலகலக்கும்.

"எங்க ஊர்லயும் இருக்கு. 'ஷிஷி ஒதோஷி'. மூங்கில் குழாயில தண்ணி நிரம்பினதும் சாய்ஞ்சு, தண்ணியைக் கொட்டிட்டு, திரும்பி வந்து கல் மேல 'டொக்'குனு அடிக்கும். மானும் காட்டுப்பன்றியும் பயந்து ஓட விவசாயிங்க வெச்சது" என்ற சான் கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப அதைப் பணக்காரங்க தோட்டத்துல அழகுக்கு வைக்கறாங்க. சத்தம் இருக்கு. வயல் இல்லை."

எங்க முன்னாடி இருந்த வயலிலும் பாதிதான் நின்றுகொண்டிருந்தது. மீதிப் பாதி போன வாரம் ஒரே ராத்திரியில் போயிருந்தது. "தின்னது கொஞ்சம்தான் கண்ணு. மிதிச்சதுதான் ஜாஸ்தி" என்றார் தாத்தா. குரலில் கோபம் இல்லை. மழை வந்தது, போனது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

களி, ஓனிகிரி, கிரிதான்போ!

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினோம். நாங்க வழக்கம் போல ஆளுக்கொரு திசையில் உதறிவிட்டு உள்ளே ஓடினோம். சான் திரும்பி உட்கார்ந்து, எல்லார் செருப்பையும் ஜோடி ஜோடியாக, முனை வாசல் பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி வைத்தார். கிளம்பும்போது அப்படியே கால் நுழைத்துப் போகலாம். "இதுவும் செய்டன்தான் மச்சி" என்று நண்பன் முணுமுணுத்தான். நாலு வருஷமாக வொர்க்‌ஷாப் சுவரில் படித்த வார்த்தை. செருப்புக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது!

உள்ளே அவ்வா களி கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் பானை. கவட்டைக் குச்சியால் பானையை அசையாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, துடுப்பை ரெண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்று. எழுபது வயசுக் கை! பக்கத்தில் பிதுக்குப் பருப்புக் குழம்பு கொதித்தது. பச்சை அவரைக் கொட்டையை ஊற வைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கி வைக்கிற குழம்பு. பனிக்காலத்தில் இந்தத் தெருவே அந்த வாசனையில்தான் இருக்கும்.

தட்டில் பந்து பந்தாகக் களி. சான் கை கூப்பினார். "இதாதாகிமாஸ்." 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று அர்த்தம். யாருக்குச் சொல்கிறார் என்று அவ்வா கேட்டார். "விளைவிச்சவங்களுக்கு, சமைச்சவங்களுக்கு, சாப்பாடா வந்த உயிருக்கு... எல்லாருக்கும்" என்றார் சான். அவ்வா வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஐம்பது வருஷமா கிண்டறேன். இந்த வீட்டுல ஒருத்தன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல!" தாத்தா கூரையைப் பார்த்தார். நண்பன் தட்டைப் பார்த்தான்.

அடுத்தது காமெடி. சான் களியை மென்றார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "மெல்லக் கூடாது சாமி! பிட்டு, உருட்டி, குழம்புல புரட்டி, அப்படியே முழுங்கணும்!" என்று தாத்தா செய்து காட்டினார். நாலாவது உருண்டையில் சானுக்குப் பிடிபட்டது. கட்டைவிரலை உயர்த்தினார். அப்புறம் போனில் எதையோ தேடிக் காட்டினார். ராகிக்கு ஜப்பானிலேயே பேர் இருக்கிறது, 'ஷிகொகுபியே'. மலைக் கிராமங்களில் ஒரு காலத்தில் பயிர் செய்து சாப்பிட்டிருக்கிறார்கள். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, நம்ம ஊருக்கு வந்து, ஜப்பான் மலை வரைக்கும் போயிருக்கிறது இந்தக் குட்டி தானியம். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். இதெல்லாம் தெரியாமலே அவ்வா எழுபது வயசில் துடுப்பு சுழற்றுகிறார்!

சான் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். ஓனிகிரி. முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை, மேலே கடல்பாசித் தாள். அவரே விடியற்காலையில் பிடித்தது. உள்ளே 'உமேபோஷி'. உப்பில் ஊறிக் காய்ந்த புளிப்பான பழம். நான் கடித்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. அவ்வா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது நம்ம எலுமிச்சை ஊறுகா மாதிரிதான் இருக்கு. காரம் போட மறந்துட்டாங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம்தான் அன்றைய நாளின் பெரிய சம்பவம். பானையில் மிச்சக் களி ஒட்டியிருந்த துடுப்பையே சான் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வாவிடம் சைகையில் அனுமதி கேட்டு, ஒரு குச்சியைக் கழுவி, அதைச் சுற்றிக் களியை நீளமாக அப்பி, அடுப்புத் தணலில் திருப்பித் திருப்பிச் சுட்டார். மேலே பொன்னிறமாக மொறுமொறு. அகிதாவில் இதன் பேர் 'கிரிதான்போ'. சோற்றை மசித்துக் குச்சியில் அப்பிச் சுடுவது. மலைக்குப் போகிற மதாகிகளும் மரம் வெட்டுகிறவர்களும் சாப்பிட்டதாகச் சொல்கிற சாப்பாடு. ராகியில் கிரிதான்போ அனேகமாக சானமாவில்தான் முதல் தடவை! தாத்தா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். "பரவால்ல. பல்லு இருக்கறவனுக்கு நல்லாருக்கும்."

கரடி வந்த ஊர், யானை வந்த ஊர்

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் நண்பன் மெதுவாகச் சொன்னான். "மச்சி, இதுதான் கடைசி ராகி. அப்பா வேணாங்கறாரு."

அவன் அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. வயசான காலத்தில் தாத்தா ராத்திரி காவல் என்று பரண் மேல் ஏறுவது அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். யானை மிதித்து உயிர் போன வீடுகள் இந்தப் பகுதியில் உண்டு. ரோஜாவுக்குக் குத்தகை கேட்கிறார்கள். காதலர் தினத்துக்கு வெளிநாடு வரை போகிற ஓசூர் ரோஜா! இல்லாவிட்டால் மனைக்கட்டு. "பயிருக்கு நஷ்ட ஈடு குடுக்கறாங்க. ஆனா காசைக் கரைச்சுக் களி கிண்ட முடியுமா?" என்று உள்ளே இருந்து அவ்வா குரல் வந்தது.

சான் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவர் அம்மா ஊரில் இளைஞர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவரும்தான். வயல் புதராகிவிட்டது. வீட்டுக்கு வீடு சீமைப் பனிச்சை மரம். பறிக்க ஆள் இல்லாமல் பழம் மரத்திலேயே தொங்கும். அதைத் தின்ன கரடி ஊருக்குள் வரும். 2023-ல் ஜப்பானில் கரடித் தாக்குதல்கள் அதுவரை இல்லாத அளவுக்குப் போயின. 2025-ல் இன்னும் மோசம். அகிதாவில் கரடிக்குக் கூண்டு வைக்க உதவி பண்ண ராணுவ வீரர்களையே அனுப்ப வேண்டியதாகிவிட்டது. "அம்மா இப்ப இருட்டினா வாசலுக்கு வர்றதில்லை. நாங்க முதல்ல கிளம்பினோம். அப்புறம்தான் கரடி வந்துச்சு. தாத்தாகிட்ட சொல்லுங்க, வயலை விட வேண்டாம்னு."

நான் மொழிபெயர்த்தேன். எனக்கே தொண்டை அடைத்தது. கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. 'ஜப்பான் சொல்லும் பாடம்' என்று தலைப்புகூட யோசித்துவிட்டேன்!

தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு ஊர்ல ஆளு போனதால கரடி வந்துச்சு. சரி. இங்க ஆளு நெறைய வந்ததாலதானே பெரியவரு வயலுக்கு வராரு? எங்கப்பன் காலத்துல வருவாரு, தின்னுட்டுப் போவாரு. அப்ப போறதுக்கு வழி இருந்துச்சு. இப்ப இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் கம்பெனி, நடுவுல மனைக்கட்டு, கம்பி வேலி. அவரு எங்கதான் போவாரு? ரெண்டும் ஒண்ணில்ல சாமி."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ரெண்டு கதையையும் ஒன்றாக்கி ஒரு முடிச்சுப் போட நான்தான் அவசரப்பட்டிருந்தேன். ஒன்று ஆள் இல்லாத ஊரின் கதை. இன்னொன்று இடம் இல்லாத காட்டின் கதை. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இந்த மாவட்டத்துக் காடுகளில் ரெண்டு வன உயிரின சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சானமாவு தனித் துண்டாக நிற்கிற காடு. பெரிய காட்டிலிருந்து இங்கே வர யானை ஊரையும் ரோட்டையும் தாண்டித்தான் ஆக வேண்டும். 'யானை ஊருக்குள் புகுந்தது' என்று நாம் படிக்கிற செய்தியில் இந்தப் பாதி எப்போதும் விடுபட்டுவிடுகிறது.

சான் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். தாத்தாவைப் பார்த்துக் குனிந்தார். "நான் பார்க்காமலே பதில் சொல்லிட்டேன். மன்னிக்கணும்" என்றார். காலேஜ் மேடையில் அவர் சொன்ன கெம்பா பாடம், இப்போது அவருக்கே!

"அட, இதுக்கு எதுக்கு சாமி கும்புடறீங்க..." தாத்தா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவின் பயமும் நிஜம். தாத்தாவின் பிடிவாதமும் நிஜம். அவ்வாவின் பானையும் நிஜம். இதற்கு ஒரு வரித் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. நான் நாலு வருஷமாக இந்த ரோட்டில்தான் காலேஜ் பஸ்ஸில் போய் வருகிறேன். காதில் ஹெட்போன். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பச்சைக்குப் பேர் ராகியா, புல்லா என்றுகூட ஒரு நாளும் பார்த்ததில்லை. எட்டு மாசம் ஓசூரைப் பார்க்காமல் இருந்தவர் சான் என்றால், நான் இருபது வருஷம்!

வெயில் இறங்குவதற்குள் கிளம்பச் சொன்னார் தாத்தா. வாசலில் செருப்புகள் வரிசையாகக் காத்திருந்தன. அப்படியே கால் நுழைத்துக் கிளம்பினோம். சானுக்கு ஒரு பையில் ராகி மாவு கொடுத்தார் அவ்வா.

அஞ்சு 'ஏன்?'

ஒரு வாரம் கழித்து சானிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு பாத்திரத்தில் கட்டி கட்டியாக எதுவோ. கீழே செய்தி: 'களி. தரக் குறைபாடு. எங்க முறைப்படி அஞ்சு தடவை 'ஏன்' கேட்டுப் பார்த்தேன்.'

ஏன் கட்டி விழுந்தது? சரியாகக் கிண்டவில்லை.

ஏன் கிண்டவில்லை? கை வலித்தது.

ஏன் வலித்தது? துடுப்பு இல்லை, ஸ்பூன்தான் இருந்தது.

ஏன் துடுப்பு இல்லை? பெங்களூரு மாலில் கிடைக்கவில்லை.

ஏன் மாலில் தேடினேன்? கெம்பாவுக்குப் போகவில்லை.

'ஞாயிற்றுக்கிழமை மறுபடி சானமாவு வரலாமா?'

நண்பன் தாத்தாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அஞ்சு 'ஏன்'னையும் தெலுங்கில் படித்துக் காட்டினான். அந்தப் பக்கம் அவ்வா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். தாத்தா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வரச் சொல்லு. துடுப்பு ஒண்ணு செதுக்கி வெக்கறேன். ஆனா, அறுத்து வெச்சதைத் திங்க மட்டும் வந்தா எப்படி? ஆடி மாசம் ஏர் கட்டறப்பவும் வரச் சொல்லு."

நண்பன் என்னைப் பார்த்தான். "அப்ப தாத்தா... அடுத்த வருஷம் ராகி..?"

"மழை பேயட்டும், பாக்கலாம். ஒரு படி விதை எடுத்து வெச்சிருக்கேன்" என்றவர், போனை வைப்பதற்கு முன் ஞாபகமாக ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"கொடி மட்டும் வேணாம்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிடு!"